அப்பாவை மகன் திட்டும் பக்கம்: மெக்மின் கவுண்டியில் ‘மௌஸ்’ நீக்கப்பட்ட நிகழ்வு

2022 ஜனவரி 10. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெக்மின் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பள்ளி வாரியம் கூடுகிறது. எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். பேசி முடித்து வாக்கெடுக்கிறார்கள். 10 உறுப்பினர்கள். 10 பேரும் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

புத்தகம், ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’. யூதர்களை எலிகளாகவும், ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும், போலந்துக்காரர்களைப் பன்றிகளாகவும் வரைந்த சித்திர நூல். ஆர்ட்டின் அப்பா விளாடெக், அம்மா ஆன்யா இருவரும் போலந்து யூதர்கள். நாஜிகளிடம் அகப்பட்டு, ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போய், உயிரோடு மீண்டவர்கள். அந்தக் கதையை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு மகன் வரைந்தது இது. முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் வந்தன. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

வாக்கெடுப்பு நடந்து இரண்டு வாரம் வெளியில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐ உலகம் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அதற்கு முந்தின நாள் செய்தி வெடித்தது. அப்புறம் நடந்ததைப் பலரும் அறிவார்கள்: உலகெங்கும் கண்டனம், இணையக் கடைகளில் புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது, ‘யூதப் படுகொலையை மறைக்கப் பார்க்கும் ஊர்’ என்று மெக்மினுக்கு ஒரு பெயர்.

அந்தப் பெயர் நியாயமானதல்ல. கூட்டத்தின் பேச்சுக் குறிப்பை வாரியமே பொதுவில் வைத்திருந்தது. அதைப் படித்தால், படுகொலை நடக்கவில்லை என்றோ, அதைச் சொல்லித்தரக் கூடாது என்றோ அங்கே ஒருவரும் பேசவில்லை என்பது தெரியும். அது கொடுமை, கொடூரம் என்று எதிர்த்தவர்களே சொன்னார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கெட்ட எண்ணத்தோடு ஒரு புத்தகத்தை எடுத்திருந்தால் அதில் ஆராய அதிகம் இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறையுள்ள பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஓர் இலக்கிய வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமலே கைதூக்கினார்கள். அங்கேதான் பாடம் இருக்கிறது.

முதலில் ஊரும் ஏற்பாடும். மெக்மின் கவுண்டி தென்கிழக்கு டென்னசியில், சட்டனூகா நகரத்துக்கும் நாக்ஸ்வில் நகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. தலைநகரின் பெயர் ஏதென்ஸ். மக்கள்தொகை ஐம்பதாயிரத்துச் சொச்சம். அமெரிக்காவில் நம் ஊர் போல மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் கிடையாது. என்னென்ன திறன்கள் வர வேண்டும் என்பதை மாநிலம் வகுக்கும். எந்தப் பாடத்திட்டத்தை வாங்கி நடத்துவது என்பது உள்ளூர் வாரியத்தின் கையில். மெக்மின் வாங்கியிருந்த ஆங்கிலப் பாடத்திட்டத்தில், யூதப் படுகொலை பற்றிய ஓர் அலகு முழுக்க ‘மௌஸ்’ முதல் பாகத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நம் பள்ளிகளில் ‘நான்-டீடெய்ல்’ என்று ஒரு துணைப்பாடம் இருக்குமே, தேர்வுக்கு முன் ஒரு தடவை புரட்டிவிட்டுப் போவதற்கு, அந்த மாதிரி ஓரமாக வைத்த புத்தகமல்ல இது. வாரக்கணக்கில் வாசித்து, அதைப் பற்றிப் பேசி, எழுதி, வரைந்து பழகுவதற்கான மையப் பிரதி. அதை உருவினால் மற்றதெல்லாம் தொங்கிப்போகும் என்று பாடத்திட்ட மேற்பார்வையாளர்கள் கூட்டத்திலேயே சொன்னார்கள்.

எதிர்ப்பு எதன் மேல்? எட்டு வசைச்சொற்கள். ஒரு நிர்வாணப் படம். முதலில் பள்ளிகளின் இயக்குநர் ஒரு நடுவழியோடுதான் வந்தார்: அந்தச் சொற்களையும் படத்தையும் மறைத்துவிட்டு மற்றதை நடத்தலாம். இன்னொருவர் படைப்பில் கைவைத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா என்பதும் பேசப்பட்டது. ஆனால் பேச்சு வளர வளர, மறைப்பது போதாது என்ற பக்கம் கூட்டம் சாய்ந்தது. தூக்கில் தொங்குகிறவர்களைக் காட்டுகிறது, குழந்தைகளைக் கொல்வதைக் காட்டுகிறது, இதையெல்லாம் கல்வித்துறை ஏன் முன்னிறுத்துகிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இந்தச் சொற்களை ஒரு மாணவன் பள்ளி வராந்தாவில் சொன்னால் அவனைத் தண்டிக்கிறோமே, பாடத்தில் நாமே கொடுக்கலாமா என்றும் கேள்வி வந்தது. முன்பு வரலாறு நடத்திய ஒரு மேற்பார்வையாளர், படுகொலையில் அழகானது என்று எதுவுமே இல்லை, அந்தப் பயங்கரக் காலத்தைக் காட்ட இது ஒரு நல்ல வழி என்றார். இன்னொருவர், மனிதர்கள் தூக்கில் தொங்கியது உண்மை, தற்கொலை செய்துகொண்டது உண்மை, 60 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டது உண்மை என்றார்.

இந்த இரண்டு பதில்களும் உண்மையானவை. ஆனாலும் அவை கேள்வியைத் தொடவில்லை. ஏனென்றால் அடுத்து ஓர் உறுப்பினர் சொன்னது இதுதான்: வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க இதெல்லாம் தேவையில்லை. நடந்ததை நடந்தபடியே, கொடூரத்தோடுகூடச் சொல்லித்தரலாம். நிர்வாணமும் மற்றதும் எதற்கு?

வரலாற்று வகுப்புக்கு இந்த வாதம் பெருமளவு சரி. யூதர்களின் உரிமைகளைப் பறித்த 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள், 1939இல் போலந்துப் படையெடுப்பு, யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்னும் பகுதிகள், படுகொலையைத் திட்டமிட 1942 ஜனவரியில் வான்சேயில் நடந்த கூட்டம், முகாம்கள் என்று ‘மௌஸ்’ இல்லாமலே நன்றாக நடத்தலாம். ஆனால் மெக்மினில் பேச்சுக்கு வந்தது வரலாற்றுப் பாடம் அல்ல, ஆங்கிலப் பாடம். ஆங்கில வகுப்பின் வேலை வேறு. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார், எதைத் தானே கண்டார், எதைப் பிறர் சொல்லிக் கேட்டார், எதைச் சொல்லாமல் விடுகிறார், கேட்பவர் அதை என்ன செய்கிறார் என்று துருவுவது. புத்தகத்துக்காகப் பேசியவர்கள் கூட “இது நடந்தது, அதனால் காட்டலாம்” என்று வரலாற்றின் பக்கம் நின்றே பேசினார்கள். இது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை எடுத்துக் காட்டியிருந்தால் வாக்கு மாறியிருக்குமா, தெரியாது. விவாதமாவது சரியான இடத்தில் நடந்திருக்கும்.

குழந்தைகளைக் கொல்லும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கெட்டோவில் அலறுவதை நிறுத்த முடியாத குழந்தைகளை ஜெர்மானியர்கள் காலைப் பிடித்துச் சுவரில் அடித்தார்கள் என்று விளாடெக் சொல்கிறார். பார்க்க முடியாத படம், உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் விளாடெக் இன்னொன்றும் சொல்கிறார்: இதை நான் கண்ணால் பார்க்கவில்லை, மறுநாள் ஒருவர் சொன்னார். அப்பா பார்க்காததை மகன் படமாக வரைந்துவிட்டார். அப்படியானால் நாம் பார்க்கும் படம் எங்கிருந்து வந்தது? யாரோ பார்த்து, விளாடெக்கிடம் சொல்லி, அவர் பல பத்தாண்டுகள் சுமந்து, நியூயார்க்கில் மகனிடம் சொல்லி, மகன் மையில் தீட்டியது. 13 வயதுப் பிள்ளையால் இந்தச் சங்கிலியைத் தொடர முடியும். தொடர்ந்துவிட்டால், ஒரு செய்தியைக் கேட்டவுடன் “இதை யார் பார்த்தார்கள்?” என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். படுகொலையே நடக்கவில்லை என்று புளுகுகிறவர்களின் பதிவுகள் அந்தப் பிள்ளையின் கைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சாட்சியம் என்றால் என்ன, அதன் பலம் எது, வரம்பு எது என்று தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

அதே காட்சியில் இன்னொன்றும் உண்டு. தங்கள் பிள்ளைகளையாவது பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டோமே என்று விளாடெக் அப்போது ஆறுதல் பட்டுக்கொள்கிறார். அவருடைய மூத்த மகன் ரிஷ்யூ, ஆன்யாவின் அக்காவோடு வேறொரு கெட்டோவில் இருந்தான். அங்கே ஆட்களை முகாமுக்கு அனுப்பத் தொடங்கியதும், அந்தப் பெரியம்மா தானும் விஷம் குடித்து, தன்னிடம் இருந்த குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார். கேட்பவருக்கு இது தெரியும், அன்றைய விளாடெக்குக்குத் தெரியாது. இந்த இடைவெளியை வாசிக்கக் கற்பதுதான் இலக்கியம் கற்பது. காட்சியை மறைத்தால் இடைவெளியும் போய்விடும்.

இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் உண்டு. ஆங்கில வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பக்கம் அரிது என்பேன். முகாமின் வாசலில் கைதிகள் அணிவகுத்துப் போகும்போது இசைக்குழு வாசித்தது என்று ஆர்ட் படித்திருக்கிறார். அதைப் பற்றி அப்பாவிடம் கேட்கிறார். விளாடெக், இசைக்குழுவா, அப்படி எதுவும் நினைவில்லை, அணிவகுத்து நடந்து போனது மட்டும்தான் நினைவிருக்கிறது என்கிறார். ஆஷ்விட்ஸில் இசைக்குழு இருந்தது ஆவணங்களில் உறுதியான விஷயம். ஆர்ட் என்ன செய்கிறார்? இசைக்குழுவை ஒரு கட்டத்தில் வரைகிறார். அடுத்த கட்டத்தில் அணிவகுத்துப் போகிறவர்களின் உருவங்களால் அதை மறைத்துவிடுகிறார். வாத்தியங்களின் நுனிகள் மட்டும் தெரிகின்றன. ஆவணமும் நினைவும் முரண்பட்டால் நினைவுக்குறிப்பு எழுதுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்ற பெரிய கேள்விக்கு இரண்டே கட்டங்களில் பதில்! அப்பாவைப் பொய்யராக்கவும் இல்லை, ஆவணத்தைக் கைவிடவும் இல்லை.

மொழியும் அப்படித்தான். நியூயார்க்கில் முதியவராக உட்கார்ந்து பேசும் விளாடெக்கின் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். வினைச்சொல் இடம் மாறிக் கிடக்கும், முன்னிடைச்சொல் தவறும். ஆனால் போலந்தில் நடக்கும் காட்சிகளில் இளம் விளாடெக் சரளமாகப் பேசுகிறார், ஏனென்றால் அங்கே அவர் பேசுவது தன் சொந்த மொழி. ஒரே மனிதர், இரண்டு மொழிநிலைகள். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளையும் தன் தாத்தா கடை கவுண்டரில் தடுமாறுவதையும் வீட்டில் மணிக்கணக்காகக் கதை சொல்வதையும் பார்த்திருக்கும். இதற்குமேல் ஒன்று: விளாடெக் உயிர் பிழைத்ததில் ஆங்கிலத்துக்கே ஒரு பங்கு உண்டு. முகாமில் காவல் பொறுப்பிலிருந்த ஒரு போலந்துக்காரன், போர் முடிந்தால் பயன்படும் என்று ஆங்கிலம் கற்க விரும்பினான். விளாடெக் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதனால் சாப்பாடு கிடைத்தது, அளவான உடுப்பும் காலணியும் கிடைத்தன. ஆங்கிலம் நடத்தும் ஓர் ஆசிரியர் இந்தக் கட்டத்தைக் கடந்து போகும்போது கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கும்.

சரி, அந்த நிர்வாணப் படம். இதைப் பற்றித்தான் வெளியில் நிறையக் கேலி பேசினார்கள். எலிக்கு என்ன நிர்வாணம் என்று சிரித்தவர்கள் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஆட்சேபம் எழுந்த படம் எலியின் படம் அல்ல. முதல் பாகத்துக்குள் நாலு பக்க நீளத்தில் ஒரு தனிக் கதை செருகப்பட்டிருக்கிறது. ஆர்ட் பல வருஷம் முன்பே வரைந்தது. அதில் எல்லாரும் மனித உருவில் இருக்கிறார்கள். 1968இல், ஆர்ட்டுக்கு 20 வயதாக இருந்தபோது, ஆன்யா தற்கொலை செய்துகொண்டார். கடிதம் எதுவும் எழுதி வைக்கவில்லை. குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் தாயின் உடல் ஒரு சின்னக் கட்டத்தில் வருகிறது. மகன் முகாம் கைதியின் கோடு போட்ட உடுப்பில் தன்னை வரைந்திருக்கிறார். கடைசியாகச் சந்தித்த இரவு, அம்மா அறைக்குள் வந்து, இன்னும் என் மேல் பாசம் இருக்கிறதா என்று கேட்டதும், தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதில் உண்டு. எட்டு வசைச்சொற்களில் ஒன்று, கோபமும் துக்கமும் குழம்பிய அந்த மகன், இறந்த தாயைப் பார்த்துச் சொல்வது.

இந்த நாலு பக்கத்தைப் பற்றி வாரியத்துக்கு வந்த தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பின்னர் அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் வசைச்சொல், நிர்வாணம் இவற்றோடு வன்முறையும் தற்கொலையும் காரணமாகச் சொல்லப்பட்டன. 13 வயதில் 25 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், வீட்டில் ஒரு தற்கொலையைப் பார்த்த பிள்ளை ஒன்று இருக்கலாம். தானே அந்த எண்ணத்தோடு போராடும் பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பக்கங்களை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, ராத்திரி தனியாக வாசிக்க விடுவது தவறு. வகுப்பிலேயே, மணி அடிக்க நேரம் நிறைய இருக்கும்போது தொடங்க வேண்டும், அவசரமாக முடிக்கும் நிலை வரக்கூடாது. முந்தின நாளே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட வேண்டும். பெற்றோருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். பள்ளி ஆலோசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வேறு பக்கம் கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. படுகொலையைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நடுவே ஒரு பழக்கச் சொல் உண்டு: பிள்ளையைப் பத்திரமாக உள்ளே அழைத்துப் போ, பத்திரமாக வெளியே கூட்டி வா. அமெரிக்கப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தின் வழிகாட்டு நெறிகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. எண்ணிக்கைகளை மனிதர்களாக மாற்றிக் காட்டுங்கள் என்கின்றன. அதே சமயம் பயங்கரப் படங்களைத் தேவைக்கு மேல் காட்டாதீர்கள், மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைக்காதீர்கள் என்கின்றன.

வாரியம் இந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டு, எட்டாம் வகுப்பில் வேண்டாம், பத்தாம் வகுப்புக்கு மாற்றுவோம் என்று சொல்லியிருந்தால் நான் எதிர்த்திருக்க மாட்டேன். 15, 16 வயதில் இந்தப் புத்தகம் இன்னும் ஆழமாகப் போகும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, படுகொலையைச் சொல்லித்தர வேறு வழி கண்டுபிடியுங்கள் என்று ஊழியர்களிடம் விட்டுவிட்டார்கள். மொத்தத்தில் இது நம் பள்ளிகளில் நடத்த முடியாத அளவுக்குப் பெரியவர்களுக்கான நூல் என்றது விளக்கம். இதையும் சொல்ல வேண்டும்: நூலகத்தில் இருக்கக் கூடாது, கடையில் விற்கக் கூடாது என்ற தடை அல்ல இது. எல்லாரும் சேர்ந்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வாசிக்கும் வாய்ப்புதான் போனது. என் கணக்கில் அதுவே பெரிய இழப்பு, ஏனென்றால் இந்தப் புத்தகத்தைத் தனியாக வாசிப்பதுதான் பிள்ளைக்குக் கஷ்டம்.

இப்போது அந்தக் கூட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடத்துக்கு வருகிறேன். நீக்கத்துக்கு வாக்களித்த உறுப்பினர்களில் ஒருவர் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வந்திருந்தார். தனக்குப் பிடித்திருந்தது என்றும் சொன்னார். ஆனால் முடிவு பிடிக்கவில்லை. வசைச்சொற்களில் பல, மகன் அப்பாவைத் திட்டுவது. இது நம் பிள்ளைகளுக்கு என்ன ஒழுக்கத்தைச் சொல்லித்தரும்? அப்பாவுக்கு மரியாதை கொடுக்காமல், பாதிக்கப்பட்டவன் தானே என்பது போல நடந்துகொள்கிறானே என்றார்.

செய்திகளில் இதை எடுத்துப்போட்டுப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அன்று அந்த அறையில் பதிவான பேச்சுகளில் புத்தகத்தைப் புத்தகமாக வாசித்த பேச்சு இதுதான். பிழைத்து வந்தவரின் வீட்டில் பிறந்த மகனுக்குத் தன் துயரத்தைப் பேச உரிமை உண்டா? அவ்வளவு பட்டவரை மகன் கோபித்துக்கொள்ளலாமா? இதே கேள்வியைத்தான் ஸ்பீகல்மேன் புத்தகம் நெடுகத் தன்னையே கேட்டுக்கொள்கிறார். விளாடெக்கைத் தியாகியாக அவர் வரையவில்லை. கஞ்சத்தனம், பிடிவாதம், இரண்டாம் மனைவியைப் படுத்தும் பாடு எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தில் வழியில் காரில் ஏற்றிக்கொண்ட ஒரு கறுப்பினத்தவரைப் பற்றி விளாடெக் இனவெறியோடு பேசுவதும் இருக்கிறது. துன்பப்பட்டவர்கள் அதனாலேயே நல்லவர்களாகிவிடுவார்கள் என்ற சுலபமான நினைப்பைப் புத்தகம் உடைக்கிறது. வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு நல்ல ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் வகுப்பைத் தொடங்கி வைக்க வேண்டிய கேள்வி, வகுப்பை மூடுவதற்குக் காரணமாகிவிட்டது.

கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தெற்கத்திச் சின்ன ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது’ என்ற பேச்சும் அப்போது கேட்டது. அதே தென்கிழக்கு டென்னசியில் விட்வெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1998இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஆமாம், அதே வயதுதான், படுகொலையைப் பற்றிப் படித்தார்கள். 60 லட்சம் என்றால் எவ்வளவு என்று ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை. எண்ணிப் பார்க்கலாம் என்று பேப்பர் கிளிப் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் நார்வே மக்கள் எதிர்ப்பின் அடையாளமாகப் பேப்பர் கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள் என்பதால் அந்தத் தேர்வு. உலகெங்கிலுமிருந்து கோடிக்கணக்கில் வந்து குவிந்தன. அக்காலத்து ஜெர்மன் ரயில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பள்ளியில் நிறுத்தி, 1 கோடியே 10 லட்சம் கிளிப்புகளை அதில் வைத்தார்கள். இன்றும் அது நினைவிடமாக இருக்கிறது. ஆகவே ஊரும் வயதும் தடையில்லை. ஆனால் விட்வெல் பிள்ளைகள் தேடியது எண்ணிக்கையின் கனத்தை. ‘மௌஸ்’ காட்டுவது அந்த எண்ணிக்கைக்குள் இருந்து மீண்ட ஒரு வீட்டின் சமையலறையை. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாகாது.

பின்விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்ஸ்வில்லில் ஒரு காமிக்ஸ் கடை, கேட்கும் மாணவர்களுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்க நிதி திரட்டியது, லட்சம் டாலரைத் தாண்டிப் பணம் வந்தது. வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மெக்மின் மாணவர்களுக்கு மட்டும் இலவச இணைய வகுப்பு நடத்த முன்வந்தார். பிப்ரவரியில் ஸ்பீகல்மேன் டென்னசி மக்களோடு இணையவழி உரையாடினார். வாரியம் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இதில் அந்தப் பேராசிரியர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புத்தகம் கையில் கிடைப்பதை மற்றவர்கள் உறுதி செய்தார்கள், கூட இருந்து வாசிக்க ஒருவர் வேண்டும் என்பதை அவர் பார்த்தார்.

இந்த நிகழ்வை ஆசிரியர் பயிற்சியில் வைத்துப் பேசுவதானால், கண்டனங்களையும் விற்பனைக் கணக்கையும் விட்டுவிட்டு, முதல் பாகத்தின் கடைசி இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். போருக்குப் பிறகு ஆன்யா தன் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். என் மகன் பெரியவனானதும் இதில் அக்கறை காட்டுவான் என்று ஆசையும் பட்டிருக்கிறார். ஆர்ட் புத்தகம் முழுக்க அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார், அப்பா ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: ஆன்யா இறந்த பிறகு ஒரு நாள், நினைவுகளைத் தாங்க முடியாமல், எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். ஆர்ட் வெடிக்கிறார். மெக்மின் வாரியம் எண்ணிய வசைகளில் ஒன்று இங்கே வருகிறது. அதோடு “கொலைகாரர்” என்ற சொல்லும். ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவரைப் பார்த்து, பெற்ற மகன் சொல்வது.

அதற்கு விளாடெக்கின் பதில்: அப்பாவிடம் இப்படியா கத்துவாய்? சிநேகிதனிடம்கூட இப்படிக் கத்தக் கூடாது.

வாரிய உறுப்பினர் சொன்னதை விளாடெக் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், அதே பக்கத்தில். ஆர்ட் மன்னிப்புக் கேட்கிறார். காபி குடித்துவிட்டுப் போயேன் என்று அப்பா கூப்பிடுகிறார். இல்லை, கிளம்புகிறேன் என்கிறார் மகன். அடிக்கடி வந்து போ என்கிறார் அப்பா. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தனியாக நடந்து போகும்போது மகன் “கொலைகாரர்” என்ற அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்கிறார், இந்த முறை யார் காதிலும் விழாமல்.